நீரோரத்து மரப்படிகளுக்கு என்ன வாங்குவது? – கேள்வி பதில்

கேள்வி: ஏரியில் இறங்கும் மரப்படிகள் சாம்பல் பூத்து, பாசி பிடித்து வழுக்குகின்றன. கடையில் குளோரின் பிளீச்சும் ஆக்சாலிக் அமிலமும் கொடுத்தார்கள். இரண்டையும் கலந்து ஊற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலுக்கு ஆபத்து. எச்சரிக்காமல் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தது கடைக்காரரின் தவறு. பிளீச்சைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாசியைக் கொல்லும், ஆனால் மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினையும் அரிக்கும், ஆணிகளையும் துருப்பிடிக்க வைக்கும்.

சோடியம் பெர்கார்பனேட் தூள் (குளோரின் இல்லாத ஆக்சிஜன் பிளீச்) வாங்குங்கள். லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 30 முதல் 60 கிராம். கரைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். மூடி வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். படியை நனைத்து, கரைசலை ஊற்றி, 15–20 நிமிடம் காயவிடாமல் வைத்திருந்து, நைலான் பிரஷ்ஷால் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். ஒடிந்த இரும்புத் துணுக்குகள் மரத்தில் தங்கிக் கரும்புள்ளிகளாகும்.

அலசியதும் மரம் கறுத்துத் தெரிந்தால் பயப்படாதீர்கள், அது பெர்கார்பனேட் கரைசலில் உள்ள காரத்தின் வேலை. ஆக்சாலிக் அமிலத்துக்கு இப்போதுதான் வேளை: லிட்டருக்கு 30 கிராம், 10–15 நிமிடம், பிறகு நன்றாக அலசல். ஆணித்தலையைச் சுற்றியுள்ள நீலக்கறுப்புக் கறையும் இதில்தான் போகும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கழுவிய நீரை ஏரிக்குள் விடாதீர்கள். படிக்குக் கீழே தார்ப்பாயை ஓரம் மடித்து விரித்துப் பிடியுங்கள்.

கேள்வி: இதற்காக பிரஷர் வாஷர் வாங்கலாமா? அழுத்தம் அதிகமுள்ளதே நல்லது என்கிறார்கள்.

பதில்: வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். மென்மரத்துக்கு 500–600 பிஎஸ்ஐ போதும். 40 டிகிரி விசிறி முனையை மாட்டி, 30 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். அழுத்தம் கூடினால் நார் பிய்ந்து, மரம் பூனை முடிபோலச் சிலிர்த்துக்கொள்ளும்.

கேள்வி: படியின் ஓரம் நொறுங்கியது. மரத்தை இறுக்கும் திரவம் பூசி, மேலே பெயின்ட் அடித்தேன். மறுபடி நொறுங்குகிறது. எந்த பிராண்டு நல்லது?

பதில்: எந்த பிராண்டும் இல்லை. பலகையை மாற்றுங்கள். டின்னைத் திறக்கும் முன் ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்த்திருக்க வேண்டும். முனை சுலபமாக உள்ளே இறங்கினாலோ, நெம்பும்போது சிம்பு நீளமாகக் கிளம்பாமல் பொட்டெனக் குறுக்கே முறிந்தாலோ மரம் உளுத்துவிட்டது. பூசிய திரவம் மேல்தோலைத்தான் இறுக்கும், ஆள் ஏறும் பலகைக்கு வலுவைத் திருப்பித் தராது. இப்படி மூடி மறைத்த படியில் ஏறப்போவது உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் பெரியவர்களும்தான். படியைத் தாங்கும் சாய்வுச் சட்டங்களின் அடிமுனையையும் இன்றே குத்திப் பாருங்கள். கழற்றிய பலகையை எரிக்காதீர்கள். பூச்சியும் பூஞ்சையும் தாக்காதிருக்க மருந்தேற்றிய பழைய மரத்தில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கலாம்.

கேள்வி: 'பத்து ஆண்டு உத்தரவாதம்' என்று எழுதியிருந்த வார்னிஷ் ஒரே மழைக்காலத்தில் செதில் செதிலாக உரிந்தது. கேட்டால், மிதிபடும் இடத்துக்கு உத்தரவாதம் இல்லையாம்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். என்னிடமும் அப்படி ஒரு டின் இருக்கிறது. நிபந்தனைத் தாள் கேட்ட பிறகுதான் கைக்கு வந்தது. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஆண்டுக் கணக்கு. கிடைமட்டப் பரப்பு சேராது, கொடுத்தாலும் இன்னொரு டின்தான், சுரண்டும் கூலி கிடையாது என்பதெல்லாம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில். இந்த வழக்கம் ஒழிய வேண்டும். பில், டின்னின் தொகுதி எண், உரிந்த இடத்தின் படம் மூன்றையும் இணைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். 'வெளிப்புறப் படிகளுக்கு ஏற்றது' என்று டின்னிலோ விளம்பரத்திலோ ஒரு வரி இருந்தால், உங்கள் வாதத்துக்கு அதுவே பிடி.

உரிந்ததற்குக் காரணம் சொல்கிறேன். வார்னிஷ் மரத்தின் மேல் படலமாக நிற்கிறது. மரமோ நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். செருப்பு உராய்ந்த இடத்தில் படலம் கீறுகிறது, நீர் அடியில் நுழைகிறது, வெளியேற வழியின்றி அங்கேயே தங்கி உளுக்க வைக்கிறது. படிக்குத் தேவை ஊடுருவும் எண்ணெய்ப் பூச்சு, அதிலும் நிறமி கலந்தது. நிறமிதான் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். நிறமற்றது சீக்கிரம் தேயும். எண்ணெய்ப் பூச்சு தேய்ந்தாலும் உரியாது, கழுவிவிட்டு மேலேயே பூசலாம்.

கேள்வி: பன்னிரண்டு படிகள், ஒவ்வொன்றும் 100 × 28 செ.மீ., 4 செ.மீ. கனம். எத்தனை லிட்டர் வாங்க?

பதில்: மேல், கீழ், ஓரங்கள் எல்லாம் சேர்த்து 8 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டின்னில் லிட்டருக்கு 8–10 சதுர மீட்டர் என்றிருக்கும், அது வழவழப்பான புது மரத்துக்கு. வெயில் மழையில் கிடந்த மரம் ஏறக்குறைய இரு மடங்கு குடிக்கும். ஆகவே ஒரு பூச்சுக்கு 2 லிட்டர். சாய்வுச் சட்டங்களுக்குத் தனி.

பூசும் முன் 60 அல்லது 80 எண் உப்புத்தாள் போடுங்கள். அதைவிட நைசானது மரத்தின் துளையை அடைத்துவிடும். மேலே ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சினால் பூசலாம், முத்தாக நின்றால் இன்னும் காயட்டும். பலகையின் வெட்டுமுனை முகப்பைவிடப் பல மடங்கு நீர் குடிக்கும், அங்கே மட்டும் இரண்டு மூன்று முறை தடவுங்கள். 15–20 நிமிடத்தில் மிச்ச எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், விட்டால் பிசுபிசுக்கும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் பட்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். நீரில் முக்கி, வெளியே விரித்துப் போடுங்கள்.

கேள்வி: 'தேக்கு எண்ணெய்' வாங்கிப் பூசினேன், கரும்பூஞ்சை படர்ந்துவிட்டது. கலப்படமா?

பதில்: கலப்படம் இல்லை. அது தேக்கிலிருந்து எடுத்ததல்ல, தேக்குக்குப் பூசுவது. பெரும்பாலும் கரைப்பானும் ஆளி விதை எண்ணெயும்தான். அந்த எண்ணெய் பூஞ்சைக்குத் தீனி. பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்த்திருக்கிறதா என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கடலோரம். எந்த ஸ்குரூ?

பதில்: 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். செம்பு மருந்து ஏற்றிய மரமானால் சாதாரண இரும்பு, அலுமினிய ஸ்குரூக்கள் சீக்கிரம் அரிபட்டுப்போகும்.