ஆந்த்ரே நொக்கே ஏன் முன்னோடி?

அன்புள்ள ஐயா,

அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையின் ஐரோப்பிய முன்னோடி என்று ஃபிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே நொக்கேயைச் சொல்லியிருந்தீர்கள். அந்தக் கலையை ஃபிரான்சுக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானியர்கள்தானே? நொக்கே அவர்களிடம் கற்ற பலரில் ஒருவர். வெள்ளைக்காரர் என்பதால் கூடுதல் புகழ் கிடைத்துவிட்டதோ?

அன்புடன்,
செ.

அன்புள்ள செ.,

நீங்கள் சொல்லும் வரிசை சரி. 1951-ல் மினோரு மொச்சிசுகி ஃபிரான்சில் அய்கிடோவை அறிமுகம் செய்தார். அடுத்த ஆண்டு வந்த தடாஷி அபே தொடர்ந்து பயிற்சி கொடுத்தார். நொக்கே இருவரிடமும் கற்றவர்.

நான் அவரை முன்னோடி என்பது 1955-ல் அவர் எடுத்த முடிவுக்காக. அப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார். உலகப்போரில் ஜெர்மானியரிடம் கைதியாகித் தப்பி வந்தவர். ஜூடோ ஆசிரியராகப் பேர் வாங்கியவர். அந்த நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தமக்கென்று மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இவர் கப்பலேறி டோக்கியோ போய், அய்கிடோவை உருவாக்கிய மொரிஹெய் உயேஷிபாவின் டோஜோவிலேயே (பயிற்சிக்கூடத்திலேயே) தங்கி, 1957 வரை படித்தார். நம்மூர்க் குருகுலவாசம் மாதிரிதான். அங்கே உடன் பயின்ற நொபுயோஷி தமுரா இவரைவிட ஏறக்குறைய 19 வயது இளையவர். உயேஷிபாவின் அய்கிடோவில் போட்டி கிடையாது. எதிராளியின் விசையோடு சேர்ந்து திரும்பி அவரை நிலைகுலைய வைக்க வேண்டும். நம் முறை வந்தால் அடிபடாமல் விழ வேண்டும். ஜூடோவில் ஜெயித்துப் பழகிய உடம்பு, அந்த வயதில் இதற்குப் பழகுவது லேசான காரியமா?

அப்புறம் அவர் கேட்ட ஒரு கேள்வி. உயேஷிபா எப்போதும் பிரார்த்தனையில் இருப்பதைப் பார்த்து, அப்படியானால் அய்கிடோ ஒரு மதமா என்று கேட்டிருக்கிறார். இல்லை, நீ கிறிஸ்தவன் என்றால் இதனால் இன்னும் நல்ல கிறிஸ்தவன் ஆவாய், பௌத்தன் என்றால் இன்னும் நல்ல பௌத்தன் ஆவாய் என்றாராம் குரு. நொக்கே பிற்காலப் பேட்டியில் சொன்னது இது. ஐரோப்பாவில் பலருக்கு எழக்கூடிய தயக்கத்தை அவர் நேராகக் குருவிடமே கொண்டுபோனார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஃபிரான்சில் கற்பிக்க வந்த ஆசிரியர்களிடம் மட்டும் படித்திருந்தால் இந்தப் பதில் அவருக்குக் கிடைத்திருக்குமா?

1964-ல் தமுராவும் ஃபிரான்சுக்கு வந்தார். பிற்பாடு அங்கே அய்கிடோ அமைப்புகள் பிளந்தன. நொக்கே தனி அணியாகவே நின்று, 1999-ல் காலமாகும்வரை தன் வழியை விடவில்லை. அந்தச் சண்டைகளில் எனக்கு ஆர்வமில்லை.

வெள்ளைக்காரர் என்பதால் வந்த புகழா? ஓரளவு இருக்கலாம். ஆனால் 1969-ல் கிறிஸ்டியான் திஸ்ஸியே என்ற இன்னொரு ஃபிரெஞ்சுக்காரர் பதினெட்டு வயதில் டோக்கியோ போய் ஏழாண்டுகள் பயின்றபோது, அவருக்கு முன்னால் ஒரு ஃபிரெஞ்சுக்காரர் அங்கே போய்ப் படித்துத் திரும்பியிருந்தார். நொக்கேக்கு அப்படி முன்னால் போனவர் யாருமில்லை.