தவளைச் சத்தமும் மகரக்கட்டும் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

போன வாரம் அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனியோட 'டெத் ஆஃப் எ நேச்சுரலிஸ்ட்' கவிதை பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். நான் எம்.ஏ. இங்கிலீஷ், எங்களுக்கு அது பாடத்துலயே இருக்கு. ஒரு பையன் ஜாம் பாட்டில்ல தவளை முட்டை பிடிச்சு வைக்கிறான், அப்புறம் ஒருநாள் பெரிய தவளைங்க கூட்டமா கத்துறதைப் பார்த்துட்டு பயந்து ஓடிடுறான், அவ்ளோதானே? "ஆண்மை மேல வர்ற பயம்"னு நீங்களும் எழுதுறீங்க, எங்க மேடமும் அதையேதான் சொன்னாங்க, நானும் எக்ஸாம்ல எழுதி மார்க் வாங்கிட்டேன், ஆனா சத்தியமா நம்பல. தவளைன்னா தவளை தானே சார்? நம்ம கவிதைல இந்த பயம் இருக்கா?

செ., மதுரை

அன்புள்ள செ.,

நம்பாம எழுதி மார்க் வாங்கினதை ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அதுக்கே ஒரு கும்பிடு. நான் பாதி பேப்பர் அப்படித்தான் எழுதி பாஸ் பண்ணேன்.

தவளைன்னா தவளைதான், சரி. ஆனா கத்துறது எது? ஆண் தவளை. முதல் பாதில டீச்சரம்மா கிளாஸ்ல சொல்றாங்க, அப்பா தவளைக்கு புல்ஃப்ராக்னு பேரு, அது இப்படி கத்தும், அம்மா தவளை நூத்துக்கணக்குல முட்டை போடும்னு. எல்லாமே அப்பா அம்மா கதை, கத்துறதுக்கும் முட்டைக்கும் நடுவுல என்ன நடக்குதுங்கிறதை மட்டும் அந்தம்மா சொல்லல, எந்த டீச்சர் சொல்லிருக்காங்க, நம்ம பயாலஜி மிஸ்ஸு அந்த சாப்டரை "வீட்ல படிச்சுக்கோங்க"ன்னு தாண்டிப் போன மாதிரிதான்.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. புல்ஃப்ராக்குங்கிறது கட்டைக்குரல்ல கத்துற பெரிய தவளை வகை, அயர்லாந்துல அதுவே கிடையாது. அங்க இருக்கிறது சாதாரணத் தவளை ஒரே ஒரு வகைதான், அது முட்டை போட கூடுறது பிப்ரவரி மார்ச் குளிர்ல, சத்தமும் உர்ருனு அடங்கின சத்தம். கவிதைலயோ கொளுத்துற வெயில்ல சாணி நாத்தத்துக்கு நடுவுல காத்தே கனத்துப் போற மாதிரி கட்டைக்குரல் கோரஸ். ஹீனி டெர்ரி பக்கம் பண்ணை வீட்டுல வளர்ந்த ஆளு, தவளை தெரியாதவர் இல்ல. அப்ப அந்தக் கட்டைக்குரல் குளத்துலேர்ந்து வரல செ., அந்தப் பையனுக்குள்ளேர்ந்துதான் வருது, அதுவரைக்கும் கேட்டிராத சத்தம்னு அவனே சொல்றான் பாருங்க, வயசு வர்றப்ப பசங்க குரல் கட்டையாகுறதை நம்மூர்ல மகரக்கட்டு உடையறதுன்னு சொல்வோமே அதுக்கு முன்னாடி நிக்கிற பையன்தானே அவன்.

நாத்தத்துக்கு பயந்தான்னும் சொல்ல முடியாது. லினன் நூலுக்காக ஆளிச்செடியைக் கட்டு கட்டா தண்ணில முக்கி, மேல மண்கட்டியை வச்சு அழுக விடுற குட்டை அது, குடலைப் புரட்டும். முதல் பாதில அந்த நாத்தத்துக்குள்ளதான் பையன் ஜாலியா அலையுறான். ஓடுறப்ப அவன் என்ன நினைக்கிறான்? தவளை கடிச்சிரும்னு இல்ல, கையை விட்டா அந்த முட்டைச்சளி கையைப் பிடிச்சுக்கும்னு. நேத்துவரைக்கும் பாட்டில்ல அள்ளின அதே முட்டை. கடிச்சா கையை உதறிட்டு வந்துரலாம், நீயும் இந்த இனம்தாண்டான்னு அது பிடிச்சுக்கிட்டா எங்க போறது?

நம்ம கவிதைன்னதும் எனக்கு புறநானூறு 77தான் ஞாபகம் வருது. இடைக்குன்றூர் கிழார் பாடினது, சின்னப் பையனா போருக்கு வந்த பாண்டியன் நெடுஞ்செழியனைப் பத்தி. சலங்கையைக் கழட்டின கால்ல கழல், வளையைக் கழட்டின கைல வில்லு, கழுத்துல குழந்தைங்களுக்குப் போடுற தாலியை இன்னும் எடுக்கல, "பால்விட்டு அயினியும் இன்று அயின்றனனே", பால்குடி விட்டு சோறு தின்னதே இன்னைக்குத்தானாம். தேர்ல நின்னு எதிரிங்களைக் கொல்றான், கொன்னுட்டு சந்தோஷமும் படல, பெருமையும் பேசல. புலவர் வாயைப் பிளந்து நிக்கிறார். பயம் எங்கன்னு கேட்டா, அந்தப் பையன் அந்தப் பாட்டுல ஒரு வார்த்தை பேசல, பேசுறது முழுக்க பெரியவர். ஹீனி 1966ல வந்த முதல் தொகுப்புலயே பையனைப் பேச விட்டார். எனக்கு இலக்கியமா 77தான் ஒரு படி மேல, அது வேற சண்டை, ஆனா பயத்தை அதுல தேடுறவங்க பாட்டுக்கு வெளிய நின்னுதான் தேடணும்.

இதெல்லாம் எனக்குப் புரிஞ்சது கிளாஸ்ல இல்ல. ஒன்பதாவது படிக்கிறப்ப வீட்டுக்கு லேண்ட்லைன் வந்த புதுசு, எனக்கு குரல் உடைஞ்சு ஒரு மாசம் இருக்கும். போன் அடிச்சுது, எடுத்து ஹலோன்னேன். அத்தை. எங்கப்பான்னு நினைச்சுட்டாங்க. "அண்ணே, ராத்திரி மறுபடியும் கைநீட்டிட்டாருண்ணே"ன்னாங்க. எனக்கு பம்பரம் விடக் கத்துக்கொடுத்த மாமாவைத்தான் சொல்றாங்க. அத்தை நான்தான்னு சொல்லியிருக்கணும், ஆனா வாயைத் திறந்தா அதே கட்டைக்குரல்தானே வரும்னு ஒரு பயம், "ம்"னு மட்டும் சொன்னேன். அவங்க அழ ஆரம்பிச்சாங்க.