காய்ச்சல் விட்டது, கபடிக்கு அனுப்பலாமா?

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். 11 வயது மகனுக்குத் தொண்டை வலி, கழுத்தில் நெறிக்கட்டு, பத்து நாள் காய்ச்சல். மோனோநியூக்ளியோசிஸ் என்றார்கள். ஸ்கேனில் மண்ணீரல் 13 செ.மீ. இப்போது காய்ச்சல் இல்லை. கபடிக்கு அனுப்பலாமா? வீக்கம் வடிய வயிற்றில் விளக்கெண்ணெய் நீவிவிடலாம் என்கிறார் மாமியார்.

பதில்: கபடி வேண்டாம் அம்மா. வயிற்றை யாரும் நீவவே கூடாது.

எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் இந்த நோயில், விலாவுக்குள் பதுங்கியிருக்கும் மண்ணீரல் வீங்கிக் கீழே இறங்குகிறது. அப்போது எளிதில் கிழியும். ஆயிரம் நோயாளிகளில் ஒருவர் முதல் ஐந்து பேருக்குத்தான் அப்படி ஆகிறது. ஆனால் பெரும்பாலும் முதல் நான்கு வாரத்துக்குள், அதாவது பிள்ளை தேறி ஓடத் தொடங்கும் நாட்களில் ஆகிறது. காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து நான்கு வாரம் எண்ணுங்கள். பிறகும் மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொன்னால்தான் விளையாட்டு.

அடிபட்டால்தானே கிழியும் என்று நினைக்காதீர்கள். அடியே படாமலும் கிழியும். விழவில்லை, யாரும் இடிக்கவில்லை, கட்டிலில்தான் படுத்திருந்தான் என்று பெற்றோர் அழுது சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொன்னது உண்மைதான். ஆகவே இடது விலா அடியில் திடீர் வலி வந்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

இடது தோள்பட்டை வலியும் அப்படித்தான். வயிற்றுக்குள் கசியும் ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும்போது வலி தோளில் தெரியும். ஒரு சிறுவனைச் சுளுக்கு என்று நீவக் கொண்டுபோனார்கள். நீவியவர் தோளோடு வயிற்றையும் அமுக்கிவிட்டார். என்னிடம் வந்தபோது உதடு வெளுத்து, உள்ளங்கை சில்லிட்டிருந்தது. பிழைத்தான், மண்ணீரல் போயிற்று. சுளுக்கு எடுப்பவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மண்ணீரலின் ஒரு பகுதி ரத்தம் கிடைக்காமல் கருகுவதும் உண்டு. அது இன்னும் அபூர்வம், பெரும்பாலும் ஓய்விலேயே ஆறும். வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

வலியோடு மயக்கமோ வெளிறலோ வந்தால் 108. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் தரகர் "கோவையில் எனக்குத் தெரிந்த இடம் இருக்கிறது" என்பார். அவருக்குக் கமிஷன், உங்களுக்கு இரண்டு மணி நேர இழப்பு. ரத்தம் ஏற்றவும் அறுவை செய்யவும் வசதியுள்ள பக்கத்து இடமே போதும்.

வாளையாரில் மாநில எல்லையைத் தாண்டினால் பழைய ஸ்கேனைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் புதிதாக எடுக்கச் சொல்கிறார்கள். டிஸ்சார்ஜ் தாளிலோ "ஓய்வு" என்று ஒரே சொல். எத்தனை நாள், எதிலிருந்து என்று எழுத யாருக்கும் கை வருவதில்லை. விடாமல் கேளுங்கள். விளையாடக் கூடாத கடைசித் தேதியை எழுதி வாங்கி, உடற்கல்வி ஆசிரியரிடம் நீங்களே நேரில் கொடுங்கள்.