ஆவணத்தில் இருந்த டேப் கோப்பில் எங்கே போனது?

கேள்வி: நகரிக்குப் பக்கத்தில் ஏகாம்பரகுப்பத்தில் எங்கள் குடும்பத்துக்கு 12 விசைத்தறிகள் இருக்கின்றன. வாரக் கூலிக் கணக்குக்காகப் பைத்தானில் ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். விளக்கம் தமிழில், நிரல் துண்டுகள் நடுநடுவே, எல்லாம் ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியின் ஆர்க் மோட் ஆவணம் ஒன்றில். டாங்கிள் செய்து கோப்புகளைப் பிரித்தெடுத்தால், நிரலை ஓட்டும் கட்டளைகள் உள்ள மேக்ஃபைல் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று நின்றுவிடுகிறது. கூலிச் சீட்டை நோட்டில் ஒட்டுவதற்காக இடது பக்கம் ஆறு ஸ்பேஸ் விட்டிருந்தேன், அது காணவில்லை. அதே சீட்டைப் பைத்தானுக்குள் பெயர் சொல்லிச் சேர்த்தால், மாறியின் பெயர் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் வருகிறது. வெளிவந்த கோப்பைக் கையால் திருத்தி ஓட்டுகிறேன். அடுத்த டாங்கிளில் மறுபடி பழைய கதைதான். என்ன செய்வது?

பதில்: முதலில் கையால் திருத்துவதை நிறுத்துங்கள். வாரா வாரம் கூலி போடுகிற நிரலில், எந்த வாரம் திருத்தினோம், எந்த வாரம் மறந்தோம் என்று தேடும் நிலை வரக்கூடாது.

நீங்கள் சொல்வது மூன்று கோளாறுகள்போலத் தெரிந்தாலும் காரணங்கள் இரண்டுதான். மேக்ஃபைலும் சீட்டின் ஓரமும் ஒரே காரணத்தால் கெடுகின்றன. மாறியின் பெயர் திரும்பத் திரும்ப வருவது வேறு காரணம்.

ஆர்க் மோடில் ஒரு துண்டைத் தனிச் சாளரத்தில் திருத்திவிட்டுத் திரும்பினால், அது ஒவ்வொரு வரியையும் இரண்டு ஸ்பேஸ் உள்ளே தள்ளிவைக்கும். ஆவணம் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்ற எண்ணம். டாங்கிள் செய்யும்போது, எல்லா வரிகளுக்கும் பொதுவாக இடது பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதை அளந்து வெட்டிவிடும். தான் வைத்த ஓரம் எது, நீங்கள் வேண்டுமென்றே விட்ட ஓரம் எது என்று அதற்குத் தெரியாது. உங்கள் ஆறு ஸ்பேஸும் இரண்டோடு சேர்ந்து எட்டாக வெட்டுப்பட்டது இப்படித்தான்.

மேக்ஃபைலில் நடப்பது இன்னும் சுவாரசியம். அதில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் செல்லாது. நீங்கள் அனுப்பிய துண்டில் இலக்கு வரிக்கு முன்னால் இரண்டு ஸ்பேஸ். கட்டளை வரிக்கு முன்னால் இரண்டு ஸ்பேஸ், பிறகு ஒரு டேப். ஈமாக்ஸ் இங்கே எழுத்துகளை எண்ணுவதில்லை, பத்திகளைத்தான், அதாவது வரியில் இடமிருந்து எத்தனையாவது இடம் என்பதைத்தான் எண்ணும். வழக்கமான அமைப்பில் டேப் என்பது அடுத்த எட்டாவது பத்திக்குத் தாவுவது. ஆகவே கட்டளை வரி 8ஆம் பத்தியில் தொடங்குவதாக அதற்குக் கணக்கு. பொது ஓரம் 2. கழித்தால் 6. எட்டுக்குக் குறைவான அகலத்தை டேப்பால் நிரப்ப முடியாது. எனவே ஆறு ஸ்பேஸ் போட்டு முடித்துவிடுகிறது. கண்ணுக்குக் கட்டளை வரி உள்ளேதான் இருக்கிறது, டேப் மட்டும் இல்லை. மேக்ஃபைலைப் படித்து ஓட்டும் குனூ மேக், வரித் தொடக்கத்தில் எட்டு ஸ்பேஸைக் கண்டால் ‘டேப் போட நினைத்தீர்களா’ என்று கேட்கும். ஆறைக் கண்டால் அந்த உதவியும் கிடையாது. வெறும் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’தான். நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை.

(1976இல் பெல் ஆய்வகத்தில் மேக்கை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், இந்த டேப் விதியை மாற்றாமல் விட்டதற்குச் சொன்ன காரணம்: அதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களாம், அவர்களைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லையாம். அந்த ஒரு டஜன் பேருக்காக ஏகாம்பரகுப்பம் வரை வதைபடுகிறது.)

தீர்வு ஒரே அமைப்பில் இருக்கிறது: ஆர்க்-எஸ்ஆர்சி-பிரிசர்வ்-இண்டெண்டேஷன். இயல்பாக இது ‘நில்’ (nil), அதாவது அணைந்த நிலை. இதை ‘டி’ (t), அதாவது இயங்கும் நிலை ஆக்குங்கள். பிறகு ஆர்க் மோட் ஓரத்தைச் சேர்க்கவும் செய்யாது, வெட்டவும் செய்யாது. உங்கள் கணினியின் பொது அமைப்பில் எழுதுவதைவிட, ஆவணத்தின் கடைசியில் அந்தக் கோப்புக்கு மட்டுமான மாறியாக எழுதிவைப்பதே எனக்குப் பிடிக்கும். நாளைக்கு வீட்டில் இன்னொருவர் வேறு கணினியில் திறந்தாலும் அமைப்பு கூடவே போகும். ஈமாக்ஸ் அனுமதி கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஆனால் மாற்றியவுடன் டாங்கிள் செய்யாதீர்கள். ஏற்கெனவே உள்ளே தள்ளியிருக்கும் இரண்டு ஸ்பேஸ் இனி வெட்டப்படாமல் அப்படியே கோப்புக்குப் போகும். பைத்தான் முதல் வரியிலேயே ‘அன்எக்ஸ்பெக்டட் இண்டெண்ட்’ என்று படுத்துவிடும். முதலில் எல்லாத் துண்டுகளையும் இடது ஓரத்துக்கு இழுத்துவிடுங்கள். சீட்டுக்கு மட்டும் உங்கள் ஆறு ஸ்பேஸ் இருக்கட்டும். புள்ளிப் பட்டியலுக்குள் உள்ளே தள்ளி வைத்த துண்டுகள் இருந்தால் அவற்றைப் பட்டியலுக்கு வெளியே கொண்டுவாருங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டு, ‘நீங்கள் சொன்னபடி செய்தேன், இன்னும் மோசமாகிவிட்டது’ என்று எழுதியவர்கள் உண்டு.

இனி மாறியின் பெயர். ஒரு துண்டுக்குள் இன்னொன்றைப் பெயர் சொல்லிச் சேர்க்கும்போது, அந்தப் பெயருக்கு முன்னால் அதே வரியில் என்ன இருக்கிறதோ அதை விரியும் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஆர்க் மோட் ஒட்டும். முன்னால் இருப்பது வெறும் ஸ்பேஸ் என்றால் இது வரம்: நான்கு ஸ்பேஸ் தள்ளி ஒரு பெயரை எழுதினால் உள்ளே வரும் பத்து வரியும் ஒழுங்காக நான்கு தள்ளி நிற்கும், பைத்தானுக்கு அதுதான் வேண்டும். உங்கள் வரியிலோ பெயருக்கு முன்னால் மாறியும் சமக்குறியும் மூன்று மேற்கோள்குறிகளும் இருக்கின்றன. அவை அத்தனையும் ஒட்டிக்கொண்டன. 2022 இறுதியில் வந்த ஆர்க் 9.6 முதல், சேர்க்கும் துண்டின் தலைவரியில் நோவெப்-ப்ரிஃபிக்ஸ் என்பதற்கு ‘நோ’ என்று கொடுத்தால் இந்த ஒட்டல் நின்றுவிடும். அது அந்தத் துண்டில் உள்ள எல்லாப் பெயர்களுக்கும் பொருந்தும் என்பதால், சீட்டைச் சேர்க்கும் வரியைத் தனித் துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நான்கு தள்ளி நிற்க வேண்டிய மற்றவை ஓரத்துக்கு ஓடிவிடும்.

நானாக இருந்தால் சீட்டைப் பைத்தானுக்குள் கொண்டுபோகவே மாட்டேன். அதைத் தனி உரைக் கோப்பாக டாங்கிள் செய்து, நிரல் ஓடும்போது படித்துக்கொள்ளச் சொல்வேன். எழுத்து அளவு மாறினாலோ தெலுங்கில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாலோ நிரலைத் தொட வேண்டியதில்லை. ஒரே கோப்புக்கு இரண்டு துண்டுகள் போனால் இடையில் ஆர்க் மோட் ஒரு வெற்று வரி வைக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சீட்டில் அது வேண்டாமென்றால் பேட்லைன் என்பதை ‘நோ’ ஆக்குங்கள்.

இந்தத் தொல்லை ஆர்க் மோடோடு பிறந்ததல்ல. கணினி அறிஞர் டொனால்ட் நூத், விளக்கமும் நிரலும் கலந்த இந்த எழுத்துமுறைக்கு லிட்ரேட் புரோகிராமிங் என்று பெயரிட்டு 1984இல் கட்டுரை எழுதினார். தறிக்காரரான உங்களுக்கு அவருடைய இரண்டு கருவிகளின் பெயர்கள் பிடிக்கும். படிக்கும் ஆவணத்தைத் தருவது வீவ், அதாவது நெசவு. கணினிக்கான நிரலைத் தருவது டாங்கிள், அதாவது சிக்கு. அவர் பயன்படுத்திய பாஸ்கல் மொழிக்கு இடைவெளி பொருட்டல்ல என்பதால் அவருடைய டாங்கிள் எல்லாவற்றையும் நெருக்கி அடைத்து, மனிதர் படிக்க முடியாத கோப்பைத் தந்தது. யாருக்கும் கையால் திருத்தத் தோன்றாது! பின்னாளில் நார்மன் ராம்சே எழுதிய நோவெப் என்ற கருவி, உள்தள்ளலுக்குப் பொருள் உள்ள மொழிகளுக்காக இடைவெளியைக் காத்தது. அதிலும் மேக்ஃபைல் எடுக்கும்போது டேப்பைக் காப்பாற்ற ‘டி8’ என்ற விருப்பத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

திருத்தியபின் ஆவணத்தைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், வெளிவந்த கோப்பைப் பாருங்கள். லினக்ஸில் கேட் கட்டளையோடு கழித்தல் குறியும் பெரிய ஏ எழுத்தும் சேர்த்து மேக்ஃபைலைக் காட்டச் சொன்னால், டேப் இருக்கும் இடத்தில் கூரைக்குறியும் பெரிய ஐ எழுத்தும் தெரியும். கட்டளை வரிகளின் தொடக்கத்தில் அந்த இரண்டும் இருக்க வேண்டும். பிறகு மேக்கை உலர் ஓட்டமாக, கழித்தல் குறியும் சின்ன என் எழுத்தும் சேர்த்து ஓட்டுங்கள். கட்டளைகளைச் செய்யாமல் காட்ட மட்டும் செய்யும். அதுவும் சரி என்றால் சீட்டில் ஒன்றை அச்செடுத்து நோட்டில் வைத்துப் பாருங்கள். ஆறு ஸ்பேஸ் பசைக்குப் போதுமா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது.