கேட்டா சொல்றேன்: கம்ப்யூட்டர்ல மருந்து தேடுற கூட்டம்

போன இதழ்ல, தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஒரு மாலிக்யூலர் டிசைன் குரூப்ல, அதாவது கம்ப்யூட்டர்ல மருந்து மூலக்கூறு வடிவமைக்கிற கூட்டத்துல, போஸ்ட்டாக்கா (பிஎச்டி முடிச்சப்புறம் ஆராய்ச்சி பண்றவங்க) இருக்கேன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அதுக்கு வந்த கேள்விகள்தான் இந்த மாசம் முழுக்க. சமையல் கேள்வி அனுப்பினவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த மாசம் கண்டிப்பா.

என் பொண்ணு கெமிஸ்ட்ரி ஹானர்ஸ் முடிச்சுட்டு இந்த மாதிரி ஒரு குரூப்ல எம்.எஸ்ஸி சேர்ந்திருக்கா. கெமிஸ்ட்ரின்னா வெள்ளை கோட்டு, பாட்டில், நாத்தம் எல்லாம் இருக்கும்னு நெனச்சேன். இவ என்னடான்னா லேப்டாப்ல கறுப்பு ஸ்க்ரீன பாத்துட்டு உக்காந்திருக்கா. கோயில்ல யாராவது கேட்டா என்னன்னு சொல்றது?
(ஒரு அம்மா, சாட்ஸ்வொர்த்)

அம்மா, "மருந்துக்குப் பொருத்தம் பாக்குறா"ன்னு சொல்லுங்க, பொய் இல்ல அது.

நோய்க்கிருமியோட உடம்புல ஒரு புரோட்டீன் இருக்கும், அத வேலை செய்யவிடாம அடைக்கிற மாதிரி ஒரு சின்ன மூலக்கூறு வேணும், ஆனா லட்சக்கணக்குல இருக்கிற மூலக்கூறுகள ஒவ்வொண்ணா செஞ்சு பாக்க காசும் கிடையாது காலமும் கிடையாது. அதனால முதல்ல டாக்கிங்னு ஒண்ணு பண்ணுவோம், அது ஜாதகம் பாக்குற மாதிரி, காகிதத்துல பத்துக்கு எத்தனை பொருத்தம்னு சட்டுனு மார்க் போட்டுடும். அப்புறம் நல்ல மார்க் வாங்கின நாலஞ்ச மட்டும் எடுத்து, கம்ப்யூட்டருக்குள்ளயே புரோட்டீனையும் மருந்தையும் தண்ணிக்குள்ள ஒண்ணா விட்டு, ரெண்டும் எப்படி குடித்தனம் பண்ணுதுன்னு பாப்போம், அதுக்குப் பேரு சிமுலேஷன். அது அடி அடியா நகரும், ஒரு எட்டு வைக்க 2 ஃபெம்டோசெகண்ட் (ஒரு செகண்ட பத்து கோடி கோடியா உடைச்சா வர்ற துண்டு ஒரு ஃபெம்டோசெகண்ட்), அப்படி 50 கோடி எட்டு வச்சாத்தான் ஒரு மைக்ரோசெகண்ட், அதாவது செகண்ட்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு, ஆகும். உங்க பொண்ணு ராத்திரி ஸ்க்ரீன பாத்துட்டு இருக்கிறது அந்த எட்டு ஓடுதா நின்னுடுச்சான்னுதான்.

தனியா உக்காந்திருக்காளேன்னு கவலைப்படாதீங்க. எங்க குரூப்ல சூப்பர்வைசர் இருக்காரு, பணம் கேட்டு விண்ணப்பம் எழுதியே அவருக்கு முடி கொட்டிடுச்சு, நைஜீரியாவுலேருந்தும் சூடான்லேருந்தும் வந்த பிஎச்டி பசங்க இருக்காங்க, ஒருத்தன் பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழி மட்டும்தான் எழுதுவான், இன்னொருத்திக்கு எலெக்ட்ரான் அளவுல பாக்குற குவாண்டம் கணக்குன்னா உயிரு, நடுவுல நான். மூலக்கூற நெஜமா பாட்டில்ல செய்யுற ஆளுங்க கீழ் மாடில, அவங்கதான் "இத எவனாலயும் செய்ய முடியாது, வேற வரைஞ்சுட்டு வா"ன்னு எங்கள திருப்பி அனுப்புவாங்க. வாரா வாரம் மீட்டிங், ஒருத்தர் தன் வேலைய ஸ்லைடு போட்டுக் காட்டணும், மத்தவங்க குறை சொல்லிக் கிழிக்கணும். முதல் தடவ உங்க பொண்ணு அழுதுட்டு வந்தா ஒரு டீ போட்டுக் கொடுங்க, நாங்க எல்லாரும் அழுதவங்கதான்.

இப்போ ஏஐ வந்துடுச்சே, அதுவே எல்லாம் பண்ணிடும்னா இத்தனை ஆளு எதுக்கு?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், பீனிக்ஸ்)

ஐயா, 2024 கெமிஸ்ட்ரி நோபல்ல பாதியே அதுக்குத்தான் கொடுத்தாங்க. கம்ப்யூட்டர்ல புதுசா புரோட்டீன் வடிவமைச்ச டேவிட் பேக்கருக்குப் பாதி, புரோட்டீனோட வடிவத்த கணிக்கிற ஆல்ஃபாஃபோல்டுங்கிற ஏஐக்காக டெமிஸ் ஹஸாபிஸ், ஜான் ஜம்பர் ரெண்டு பேருக்கும் மீதிப் பாதி. நாங்களும் தினம் அத உபயோகிக்கிறோம்தான்.

ஆனா என் கதைய கேளுங்க. எச்ஐவி வைரஸ்ல புரோட்டியேஸ்னு ஒரு கத்திரிக்கோல் இருக்கு, பாதிக்கு 99 அமினோ ஆசிட்னு (புரோட்டீன் மாலைல கோத்த மணி மாதிரி) ரெண்டு பாதி சேர்ந்தது. நீளமா வர்ற வைரஸ் புரோட்டீன அது துண்டு போட்டாத்தான் புது வைரஸ் முழுசாகும், அத அடைச்சா ஆகாது, 1995ல வந்த சாக்வினாவிர் அப்படி வந்த முதல் மருந்து. நம்ம நாட்டுல பரவலா இருக்கிறது அந்த வைரஸோட சப்டைப் சி, அதாவது சி வகை, ஆனா ஆரம்பத்துல மருந்தெல்லாம் அமெரிக்கா ஐரோப்பாவுல இருந்த பி வகைய வச்சு செஞ்சது, அதனால இங்க சி வகைய தனியா பாக்க வேண்டியிருக்கு. நானும் பாத்தேன். சிமுலேஷன மூணு வாரம் ஓட்டினேன், மருந்து உள்ள உக்காரவே மாட்டேங்குது, நழுவி நழுவி வெளிய வருது. மருந்து சரியில்லன்னு அறிக்கையே எழுத ஆரம்பிச்சுட்டேன்.

அந்தக் கத்திரியோட வாய்ல, 25வது இடத்துல, ரெண்டு பக்கமும் அஸ்பார்ட்டிக் ஆசிட்ங்கிற அமினோ ஆசிட் ஒவ்வொண்ணு இருக்கும். நான் எடுத்த மாதிரி மருந்துகளுக்கு அதுல ஒண்ணுல மட்டும் ஒரு ஹைட்ரஜன் வைக்கணும். நான் ரெண்டையும் மொட்டையா விட்டுட்டேன், ஹைட்ரஜன் இல்லாட்டி அதுல மைனஸ் மின்னூட்டம் நிக்கும், ரெண்டு மைனசும் எதிரெதிரா நின்னு முறைச்சுக்கிட்டு இடத்தையே கெடுத்துடுச்சு. கண்டுபிடிச்சது ஏஐயும் இல்ல சூப்பர்வைசரும் இல்ல, உம்லாசிலேருந்து வர்ற ஒரு ஹானர்ஸ் பொண்ணு, வந்து ரெண்டு மாசம் கூட ஆகல, "அங்க ஒரு ஹைட்ரஜன் இருக்க வேணாமா?"ன்னு மெதுவா கேட்டா. ஒரே ஒரு ஹைட்ரஜன், ஐயா! கம்ப்யூட்டர் தப்பான கேள்விக்கும் அதே நேர்த்தியோட, நாலு தசம ஸ்தானத்துக்கு பதில் கொடுக்கும், அதுதான் ஆபத்து.

இந்தத் துறையில நம்ம ஊர்க்காரங்க யாராவது பெருசா வந்திருக்காங்களா?
(மெரிபேங்க் வாசகி)

வந்திருக்காங்க. மைக்கேல் லெவிட் 1947ல பிரிட்டோரியாவுல பிறந்தவர். என்சைம்ல (ரசாயன மாற்றத்த வேகமா நடத்துற புரோட்டீன்) வேலை நடக்கிற நடு இடத்துக்கு மட்டும் குவாண்டம் கணக்கு, சுத்தி இருக்கிற மத்ததுக்கெல்லாம் ஸ்பிரிங்கும் பந்தும் மாதிரி எளிய கணக்குன்னு பிரிச்சு, 1976ல ஏரியே வார்ஷெல்ங்கிற விஞ்ஞானியோட சேர்ந்து செஞ்சு காட்டினார். 2013ல மார்ட்டின் கார்ப்ளஸ், வார்ஷெல், இவர் மூணு பேருக்கும் கெமிஸ்ட்ரி நோபல். பெரிய மூலக்கூறுகளோட வடிவத்த கண்டறிஞ்சு 1982ல கெமிஸ்ட்ரி நோபல் வாங்கின ஆரன் க்ளக் ரெண்டு வயசுல லித்துவேனியாவுலேருந்து இங்க வந்து, டர்பன் ஹை ஸ்கூல்ல படிச்சவர். அந்தக் காலத்துல அந்த ஸ்கூல் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும், வாசல்ல நம்ம இந்தியப் பிள்ளைங்களுக்கு இடம் கிடையாது, அதையும் சேர்த்தே ஞாபகம் வச்சுக்கணும். 1961ல இந்தியர்களுக்குன்னு தனியா காலேஜ் தொறந்தப்ப, துறைமுகத்துக்குள்ள சாலிஸ்பரி தீவுல, கடற்படை விட்டுட்டுப் போன பழைய கொட்டகைகள்ல தொறந்தாங்க, எங்க பெரியப்பா படகுல போய் படிச்சாராம். அதுதான் பின்னால வெஸ்ட்வில்லுக்கு மாறி, 2004ல நேட்டால் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து இன்னைக்கு குவாசூலு நேட்டால் பல்கலைக்கழகமா நிக்குது.

லோட் ஷெடிங் வந்தா உங்க சிமுலேஷன் என்ன ஆகும்?
(பெயர் போடல)

பெரிய வேலையெல்லாம் கேப் டவுன்ல இருக்கிற லெங்காவ்ங்கிற சூப்பர்கம்ப்யூட்டருக்கு அனுப்பிடுவோம், 2016ல வந்தது, செட்ஸ்வானா மொழியில லெங்காவ்னா சீட்டா, அந்த வேகமா ஓடுற சிறுத்தை. பேருதான் சிறுத்தை, வரிசைல நிக்கும்போது ஆமை. நம்ம பக்கம் கரண்ட் போனா செக்பாயிண்ட்லேருந்து (நடுநடுவுல சேமிச்சு வைக்கிற இடம்) திரும்ப ஓட்டலாம், செக்பாயிண்ட் வைக்க மறந்தவன் பாடு அவன் பாடு.

பையன் கிரேட் 9. கம்ப்யூட்டர்ல மருந்து செய்யணும்ங்கிறான். கணக்கு கஷ்டமா இருக்கு, சுலபமான மேத்ஸ் லிட்டரசி பாடம் எடுத்துக்கிறேன்னும் சொல்றான். சரியா வருமா?
(ஒரு அப்பா, டோங்காட்)

வராது அண்ணே. பிஎஸ்ஸி கெமிஸ்ட்ரிக்கு மேத்ஸ் லிட்டரசிய எடுத்துக்க மாட்டாங்க, முழு மேத்ஸும் ஃபிசிக்கல் சயின்ஸும் வேணும். கம்ப்யூட்டர் பத்தி இப்போ கவலையே வேணாம், நாங்க உபயோகிக்கிற லினக்ஸ்ங்கிற கம்ப்யூட்டர் சிஸ்டத்த ஒரு வாரத்துல கத்துக் கொடுத்துடுவோம். கிரேட் 10 பாட ஃபாரம்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கணக்கு டீச்சர ஒரு தடவ நேர்ல போய் பாத்துடுங்க.