மரத்தின் தண்டு எப்படிப் பருக்கிறது?

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, சில செல்கள் தடிமனே உள்ள ஓர் உயிர் அடுக்கு மரத்தைச் சுற்றி ஓடுகிறது. அதுதான் கேம்பியம். இளந்தண்டில் தனித்தனித் துண்டுகளாகக் கிடப்பது, பிறகு இணைந்து முழு வளையமாகிறது.

அதன் செல்கள் பிளந்து, உள்பக்கம் நீர் ஏற்றும் சைலத்தையும் வெளிப்பக்கம் இலையின் உணவை இறக்கும் புளோயத்தையும் உண்டாக்குகின்றன. சைலமே மிக அதிகம். அதுதான் கட்டையாகச் சேர்கிறது. பழைய புளோயம் நசுங்கிப் பட்டையோடு போய்விடும். வட்டச் சுவருக்கு வெளியே நின்று செங்கல் அடுக்கும் கொத்தனார் ஒவ்வோர் அடுக்குக்கும் பின்னால் நகர்வதைப் போல, கேம்பியமும் வெளியே தள்ளப்படுகிறது.

தேக்கில் பருவத் தொடக்கத்தில் பெரிய குழாய்கள் உருவாவதால் வளையங்கள் கண்ணுக்கே தெரியும். நடுவிலுள்ள பழைய சைலம் நீர் ஏற்றுவதை நிறுத்தி வைரம் பாய்கிறது.

கொய்யா, மாதுளையில் விண்பதியம், அதாவது கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர்விடச் செய்யும் முறை, போடுபவர்களுக்கு இது நேரடியாக உதவும். 2 முதல் 3 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கியபின், வழுவழுப்பான பரப்பைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். கேம்பியம் மிஞ்சினால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. ஒழுங்காகச் செய்தால், இறங்கும் உணவு தேங்கும் மேல் விளிம்பில் வேர் விடும். கிளை வாடாது, நீர் ஏறுவது உள்ளே உள்ள கட்டை வழியாகத்தானே.

தென்னைக்கும் பனைக்கும் கேம்பியம் கிடையாது. ஒட்டுக்கட்ட முடியாததும் அதனால்தான்.

மார்பளவு உயரத்தில் அடித்த ஆணி மரம் வளர வளர மேலே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். உயரம் கூடுவது கிளை நுனிகளில் மட்டுமே, ஆணி அதே உயரத்தில் இருந்து கட்டைக்குள் புதையும்.