ஜூனில் காணாமல் போன ஐந்து நாட்கள்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) எட்டு வருஷமாக முந்திரி உடைக்கிறேன். பிப்ரவரியில் கர்ப்பப்பை ஆபரேஷன், ஒரு மாதம் வேலைக்குப் போகவில்லை. இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) அந்த மாதத்துக்குப் பணம் கேட்டால், 78 நாள் வேண்டும், உங்களுக்கு 74தான் என்கிறார்கள். அக்டோபரிலிருந்து ஒரு நாள்கூட விடாமல் போயிருக்கிறேனே?

பதில்: அக்டோபர் கணக்கு இப்போது உதவாது. ஜனவரி முதல் ஜூன் வரை உடம்புக்கு முடியாமல் போனால், அதற்கு முந்தைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எத்தனை நாளுக்கு இ.எஸ்.ஐ. சந்தா கட்டப்பட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை உழைத்தது வரும் ஜூலையிலிருந்துதான் கணக்கில் வரும். ஆக, அவர்கள் பார்த்த ஆறு மாதம் சரி. நாள் எண்ணிக்கைதான் இடிக்கிறது.

நீங்கள் அனுப்பிய காலண்டர் படத்தில், போன ஜூனில் வேலைக்குப் போன 11 தேதிகளை வட்டமிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். இ.எஸ்.ஐ. பதிவில் அதே ஜூனுக்கு 6 நாள். விட்டுப்போன ஐந்தும் சேர்ந்தால் 79! கிலோ கணக்கில் கூலி தரும் இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது. வாரக் கூலியை ஒரு நாளுக்கான குறைந்தபட்சக் கூலியால் வகுத்து, வருவதை நாள் என்று எழுதிவிடுவார்கள். எண்ண வேண்டியது கூலிக்கு வேலை செய்த நாளை, கிலோவை அல்ல.

காலண்டரையும் ஜூன் மாதக் கூலிச் சீட்டுகளையும் நகல் எடுத்து, உங்கள் இ.எஸ்.ஐ. கிளை அலுவலக மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியில் முத்திரை வாங்க மறக்காதீர்கள். விட்டுப்போன நாளுக்கு நிறுவனம் பிறகும் சந்தா கட்டலாம். கட்டாவிட்டாலும், முதலாளி செய்த தவறுக்காக உங்கள் பணத்தை நிறுத்த முடியாது. அதை அவரிடம் வசூலிப்பது இ.எஸ்.ஐ.யின் பாடு.

எவ்வளவு கிடைக்கும்? சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. தினம் 400 ரூபாய் என்றால், 30 நாள் ஓய்வில் 28 நாளுக்கு 280 வீதம் 7,840 ரூபாய். 400 ரூபாய் கூலிக்குச் சந்தாவாக நீங்கள் கட்டுவது 3 ரூபாய், முதலாளி கட்டுவது 13. இ.எஸ்.ஐ. டாக்டர் தந்த ஓய்வுச் சான்றிதழ் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். இந்த நாட்களில் உங்களை வேலையை விட்டு நீக்கவும் சட்டம் விடாது.

அப்புறம், ஆலையில் வேலை செய்யும்போது தீக்காயம் பட்டால் இந்த 78 நாள் கணக்கே கிடையாது. சேர்ந்த முதல் நாளே உரிமை உண்டு, கூலியில் 90 சதவீதம் தருவார்கள். காயம் பட்ட அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். 'ஊருக்குப் போனபோது பட்டது' என்று பிறகு சொன்ன ஆபீஸ்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் ஆதாரைச் சரிபார்க்கச் சொன்னால், முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு ரேகை தேய்ந்த விரலை ஆதார் கருவி பல நேரம் ஏற்காது. அதனால் ஆதாரில் உங்கள் மொபைல் எண்ணை முன்பே சேர்த்துவிட்டுப் போங்கள்.